டெய்லி ஓட்டுற 350இசட்டுக்கு கிளட்ச்சும் லைட் ஃப்ளைவீலும் எப்படி பாத்து வாங்குறது

நிசான் 350இசட்ல கிளட்ச் தேஞ்சு போச்சுன்னா எப்படியும் கியர்பாக்ஸ இறக்கணும், அப்பவே லைட் ஃப்ளைவீலும், அதாவது இன்ஜினோட சேந்து சுத்துற அந்த கனமான சக்கரத்துக்கு பதிலா எடை கம்மியான ஒண்ணும், போட்டுடலாமேன்னு எல்லாருக்கும் ஆசை வரும். தாராளமா போடலாம், ஆனா கேட்டலாக்ல எது அதிக பவர் தாங்கும்னு பாத்து வாங்காதீங்க, தினமும் எந்த ரோட்டுல எவ்ளோ நேரம் நிக்கிறீங்கன்னு பாத்து வாங்குங்க. காலைல ஷார்ஜால இருந்து துபாய்க்கு அல் இத்திஹாத் ரோட்ல ஊர்ந்து போறவருக்கும் ஞாயித்துக்கிழமை மட்டும் ட்ராக்குக்கு எடுக்குறவருக்கும் ஒரே கிளட்ச் சரிவராது.

முதல்ல நிஜமாவே கிளட்ச் தான் பிரச்சனையான்னு பாருங்க. ரோடு காலியா இருக்கும்போது அஞ்சாவது கியர்ல 2,500 ஆர்பிஎம் கிட்ட வச்சு ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சு பாருங்க, ஆர்பிஎம் மட்டும் சர்ருன்னு ஏறி ஸ்பீடு ஏறலன்னா கிளட்ச் டிஸ்க் வழுக்குது. அது இல்லாம பெடல் கீழயே நிக்குது, ரிவர்ஸ் போட்டா கரகரங்குதுன்னா பெரும்பாலும் ஹைட்ராலிக் பக்கம் தான் கோளாறு. 2003ல இருந்து வந்த விக்யூ35டிஇ இன்ஜின் வண்டில ஸ்லேவ் சிலிண்டர், அதாவது பெடல மிதிச்சா ஆயில் அழுத்தத்துல கிளட்ச்ச விடுவிக்கிற பாகம், கியர்பாக்ஸுக்கு வெளிய இருக்கு, ரெண்டு போல்ட் கழட்டினா கையில வந்துடும். 2007ல இருந்து வந்த எச்ஆர் இன்ஜின்ல அத பெல் ஹவுசிங், அதாவது கிளட்ச்ச மூடியிருக்கிற கூடு, அதுக்கு உள்ளயே வச்சுட்டாங்க, அது லீக் ஆச்சுன்னா கியர்பாக்ஸ் இறங்கியே ஆகணும். எச்ஆர் வச்சிருக்கவங்க கிளட்ச் மாத்துறப்ப அத பழசாவே விட்டுட்டு மூடுறது பெரிய தப்பு.

இப்ப ஃப்ளைவீலுக்கு வருவோம். கம்பெனில இருந்து வர்றது டூயல் மாஸ், அதாவது ரெண்டு தட்டு, நடுவுல ஸ்ப்ரிங், கிட்டத்தட்ட 13 கிலோ இருக்கும். இன்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் வர்ற அதிர்வ கியர்பாக்ஸ் வரைக்கும் போக விடாம அந்த ஸ்ப்ரிங் தான் உள்வாங்கிக்குது. வெளி மார்க்கெட்ல கிடைக்கிற லைட் ஃப்ளைவீல் எல்லாம் சிங்கிள் மாஸ், ஒரே தட்டு தான், அலுமினியத்துல வாங்கினா 5 கிலோ சுமாருக்கு வரும், குரோமோலி ஸ்டீல்னா 6ல இருந்து 8 கிலோ.

இதனால ஹார்ஸ்பவர் ஏறாது, ஏறும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இன்ஜின் தன்னையே சுத்திக்கிறதுக்கு செலவழிக்கிற சக்தி குறையும், அவ்ளோ தான், அதுவும் கீழ் கியர்ல தான் நல்லா தெரியும். ஒரு சின்ன கணக்கு போட்டு பாக்கலாம். ஃப்ளைவீல்ல 6 கிலோ குறைச்சாச்சு, அந்த எடை நடுவுல இருந்து சராசரியா 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க. 350இசட்ல முதல் கியர் 3.794, டிஃபரன்ஷியல் 3.538, ரெண்டையும் பெருக்கினா 13.4 வரும், அத வர்க்கம் பண்ணி டயர் அளவையும் சேத்து பாத்தா முதல் கியர்ல வண்டில இருந்து சுமார் 100 கிலோவ இறக்கி வச்ச மாதிரி பலன் கிடைக்குது. ரெண்டாவது கியர்ல அதே 37 கிலோ ஆயிடும், மூணாவதுல 18, ஆறாவதுல வெறும் 4 கிலோ. ஹைவேல 120ல போறவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றது இதனால தான். ஆனா கியர் இறக்கும்போது லேசா ஆக்ஸிலேட்டர தட்டினாலே ஊசி பட்டுன்னு ஏறுறதும், கியர் மாத்தும்போது ஆர்பிஎம் தொங்காம உடனே இறங்குறதும் இருக்கே, அத ஒரு தடவை அனுபவிச்சா விட மனசு வராது, எனக்கு லைட் ஃப்ளைவீல் புடிக்கிறதுக்கு முழு காரணமும் அது தான்.

அதுக்கு கொடுக்கிற விலைல முதல்ல வர்றது சத்தம். நியூட்ரல்ல போட்டு கிளட்ச்ல இருந்து கால எடுத்தா தகர டப்பால கூழாங்கல்ல போட்டு குலுக்குற மாதிரி ஒரு கடகட சத்தம் வரும், பெடல மிதிச்சா நின்னுடும். ஸ்ப்ரிங் இல்லாததால கியர்பாக்ஸ் உள்ள பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு லேசா தட்டிக்கிற சத்தம் அது, கேக்க தான் பயமா இருக்கும், பொதுவா ஒண்ணும் ஆகாது. தலைகீழா பெடல மிதிக்கிறப்ப சத்தம் வந்து விட்டா நின்னுச்சுன்னா அது வேற, பெடல மிதிக்கும்போது கிளட்ச்ச தள்ளுற ரிலீஸ் பேரிங் போகப் போகுதுன்னு அர்த்தம். இந்த வித்தியாசம் தெரியாம புது கியர்பாக்ஸ் தேடி அலையிறவங்க இருக்காங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும்.

அடுத்தது ஐடிலிங். வளைகுடா வெயில்ல ஏசி கம்ப்ரஸர் ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் இன்ஜின் மேல ஒரு சுமை விழும், கனமான ஃப்ளைவீல் அத தெரியாம சமாளிச்சுடும், லைட்டா இருந்தா ஆர்பிஎம் டப்புன்னு விழுந்து திரும்ப ஏறும். மால் பார்க்கிங் ஏத்தத்துல நின்னு கிளம்பும்போதும் கொஞ்சம் கூட ஆக்ஸிலேட்டர் கொடுத்தா தான் வண்டி ஆஃப் ஆகாம நகரும், பழகினா சரியாயிடும், ஆனா வீட்ல வேற யாராவது அதே வண்டிய ஓட்டுறாங்கன்னா அவங்களையும் யோசிங்க. என்ன கேட்டா தினமும் ஓட்டுற வண்டிக்கு 7, 8 கிலோ ஸ்டீல் ஃப்ளைவீல் தான் சரி, அலுமினியத்துல மிச்சமாகுற அந்த ரெண்டு மூணு கிலோவுக்காக ட்ராஃபிக்ல தினம் தினம் அவஸ்தைப்படத் தேவையில்ல. எது வாங்கினாலும் எஸ்எஃப்ஐ 1.1ங்கிற ரேஸ் பாதுகாப்பு சர்டிஃபிகேட் இருக்கான்னு பாருங்க. பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல லேத்ல குடுத்து கடைஞ்சு எடை குறைக்கிறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க, 7,000 ஆர்பிஎம்ல அது வெடிச்சா பெல் ஹவுசிங்க கிழிச்சுக்கிட்டு உங்க கால் பக்கம் வரும்.

கிளட்ச்சுக்கு முதல்ல டார்க், அதாவது இன்ஜினோட சுழற்று விசை, கணக்கு. ஸ்டாக் டிஇ இன்ஜின் 371 நியூட்டன் மீட்டர் தருது, அதுக்கு மேல 25 சதவீதம் சேத்தா 460 சுமார், டர்போ சூப்பர்சார்ஜர் எதுவும் போடாத வண்டிக்கு அதுவே போதும். கடைக்காரர் சொல்ற தாங்கும் அளவு இன்ஜின்லயா வீல்லயான்னு கேட்டுக்குங்க, ரெண்டுக்கும் நடுவுல நல்ல வித்தியாசம் வரும். ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ங்கிற பேர வச்சு முடிவு பண்ணாதீங்க, அதுக்கு பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, எக்ஸெடில ஸ்டேஜ் 1 ஆர்கானிக், ஸ்டேஜ் 2 செராமெட்டாலிக், இன்னொரு கம்பெனில அதே நம்பருக்கு வேற அர்த்தம்.

டிஸ்க்ல என்ன பொருள் ஒட்டியிருக்குங்கிறதுல தான் தினசரி சுகமே இருக்கு. ஆர்கானிக் ஃபுல் ஃபேஸ் டிஸ்க் மெதுவா பிடிக்கும், பாதி மிதில வச்சு ஊர்ந்து போக வரும், ரொம்ப சூடானா வழுக்கும், ஆறினா பெரும்பாலும் பழையபடி பிடிக்கும். கெவ்லார் இன்னும் மென்மை, ரொம்ப நாள் உழைக்கும், ஆனா பழக்குறதுக்கு பொறுமை வேணும், ஒரு தடவை நல்லா சூடாகி மேல்பக்கம் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சுன்னா சீக்கிரம் தேறாது. செராமெட்டாலிக் பக் டிஸ்க், அந்த மூணு இல்ல ஆறு துண்டு ஒட்டினது, சூடு நல்லா தாங்கும், டார்க்கும் தாங்கும், ஆனா அதுக்கு பிடிச்சா முழுசா இல்லன்னா இல்லவே இல்ல, சிக்னல்ல கிளம்பும்போது வண்டி உதறும், பக்கத்துல உக்காந்திருக்கவங்க தலை ஆடும். 600 நியூட்டன் மீட்டர் டர்போ வண்டிக்கு அது தேவைப்படலாம், ஆபீஸ் போற வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

இதுல ஒண்ண மட்டும் விட்டுடாதீங்க, சிங்கிள் மாஸ் ஃப்ளைவீல் போட்டா டிஸ்க் நடுவுல ஸ்ப்ரிங் இருக்கிற ஹப் கண்டிப்பா வேணும். டூயல் மாஸ்ல இருந்த ஸ்ப்ரிங்க கழட்டி எறிஞ்சாச்சு, டிஸ்க்லயும் இல்லன்னா அதிர்வு எல்லாம் நேரா கியர்பாக்ஸுக்கு தான் போகும்.

டிஸ்க்க ஃப்ளைவீலோட அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டையும் பாத்து தான் வாங்கணும், அழுத்தம் கூடக்கூட பெடல் கனமாகும், ஒரு மணி நேரம் ட்ராஃபிக்ல மிதிச்சா இடது முட்டி வலிக்கும். அதோட ஒவ்வொரு மிதியும் கிரான்க்‌ஷாஃப்ட் த்ரஸ்ட் பேரிங் மேல தான் தள்ளுது, அதனால சிக்னல்ல கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே நிக்காம நியூட்ரலுக்கு வந்துடுங்க.

ஃப்ளைவீல் ஒரு கம்பெனி, டிஸ்க் இன்னொண்ணு, பிளேட் ஆன்லைன்ல சல்லிசா கிடைச்சதுன்னு சேத்து சேத்து வாங்காதீங்க. மொத்த உயரம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மாறினாலும் கிளட்ச் முழுசா விடாது, இல்ல முழுசா பிடிக்காது. ஜிம் வுல்ஃப், ஏசிடி மாதிரி கம்பெனிகள்ல ஃப்ளைவீலும் கிளட்ச்சும் ஒண்ணா பொருந்துற மாதிரியே தர்றாங்க, அப்படி செட்டா வாங்குறது தான் நிம்மதி.

கியர்பாக்ஸ் கீழ இருக்கும்போதே ரிலீஸ் பேரிங், பைலட் புஷ், ரியர் மெயின் சீல், புது ஃப்ளைவீல் போல்ட் எல்லாத்தையும் சேத்து மாத்திடுங்க, சாமான் விலை கம்மி, திரும்ப இறக்குற கூலி தான் ஜாஸ்தி. புது ஃப்ளைவீல் மேல துரு பிடிக்காம இருக்க எண்ணெய் தடவி தான் அனுப்புவாங்க, பிரேக் கிளீனர் போட்டு துணி கருப்பு படாம வர்ற வரைக்கும் துடைக்க சொல்லுங்க, கை ரேகை எண்ணெய் பட்டா கூட முதல் நாள்ல இருந்தே உதறும். இன்புட் ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் மெல்லிசா தான் இருக்கணும், அள்ளி அப்பினா சுத்தும்போது தெறிச்சு டிஸ்க் மேல விழும்.

வண்டி வெளிய வந்த அன்னைக்கே மிதிச்சு பாக்க கை துறுதுறுங்கும், ஆனா ஆர்கானிக் டிஸ்க்குக்கு 800 கிலோமீட்டராவது ஊருக்குள்ள சாதாரணமா ஓட்டுங்க. அபுதாபி போயிட்டு வந்து 300 கிலோமீட்டர் ஆயிடுச்சுன்னு கணக்கு சொன்னா அது செல்லாது, ஆறாவது கியர்ல கிளட்ச் வேலையே செய்யல, நின்னு கிளம்புறது தான் கணக்கு. அது முடிஞ்சதும் ஃப்ளூயிட் லெவலையும் பெடல் எந்த இடத்துல பிடிக்குதுங்கிறதையும் ஒரு தடவை பாத்துட்டு, ஆரம்பத்துல சொன்ன அதே அஞ்சாவது கியர் டெஸ்ட்ட திரும்ப பண்ணுங்க, வழுக்கலன்னா இனிமே தாராளமா மிதிக்கலாம்.