பைனாகுலர் வாங்குமுன் ஒரு வகுத்தல் கணக்கு

கோடியக்கரையில் பூநாரை பார்க்க விலையுயர்ந்த இரண்டு பைனாகுலர்களில் எதை எடுப்பது என்று குழம்பினால், மேலே பொறித்திருக்கும் இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் வில்லையின் விட்டம். 8×42 என்றால் 5.25, 10×42 என்றால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் இந்த விடை, மில்லிமீட்டரில். கையை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால், கண் வைக்கும் வில்லைக்குள் அந்த வட்டம் சின்ன வெள்ளைப் பொட்டாகத் தெரியும்.

விடியற்காலை மங்கலில் நம் கண்பாவை நன்றாக விரிந்திருக்கும். அப்போது பொட்டு சிறியதாக இருந்தால் காட்சி இருண்டுவிடும். உப்பளத்துக்கு அப்பால் கூட்டமாக நிற்கும் உள்ளான் எனும் சிறு கரையோரப் பறவைகளைப் பிரித்தறிய முடியாது. 8 மடங்கில் கை நடுக்கமும் குறைவாகவே தெரியும். முக்காலி இல்லாமல் சேற்றோரம் நடப்பவர்களுக்கு நான் 8×42தான் சொல்வேன்.

உச்சிவெயிலில் இந்தக் கணக்கு தேவையில்லை. பாவை 2, 3 மி.மீ.க்குச் சுருங்கிவிடுவதால் சட்டைப்பையில் அடங்கும் 8×25 கூடப் போதும். வயது ஏற ஏறப் பாவை விரிவதும் குறையும். இரண்டு கருவிகளிலும் ஒரே எண் இருந்தால், பொழுது சாயும் நேரத்தில் கடை வாசலுக்கு எடுத்துவந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.