தாப்பிஸ் சரிகை வேலை: சின்னத் துணியில் தொடங்குவது எப்படி

இந்தோனேசியச் சரிகைத் துணி என்றதும் பலருக்கும் பாலெம்பாங் நகரத்துச் சொங்கெட்தான் ஞாபகம் வரும். சொங்கெட் தறியிலேயே முடிந்துவிடும், நெய்யும்போதே சரிகையும் கூடுதல் ஊடையாக உள்ளே போய்விடுகிறது. சுமத்ராவின் தென்முனையில் இருக்கும் லாம்புங்கில் வழி வேறு. முதலில் கோடு போட்ட பருத்தித் துணியை நெய்து முடிப்பார்கள், அப்புறம் அதன்மேல் கையால் சரிகை தைப்பார்கள். பெண்கள் திருமணத்துக்கும் மரபுப் பட்டம் ஏற்கும் சடங்குக்கும் உடுத்தும் இந்தக் குழாய் வடிவத் துணிக்குத் தாப்பிஸ் என்று பெயர். ஆரி, சர்தோசி எம்பிராய்டரி கொஞ்சம் பழகியவர்கள் இதைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சரிகை துணியைத் துளைத்து உள்ளே போகக் கூடாது. அது மேலே படுத்திருக்க வேண்டும், ஒரு மெல்லிய நூல் அதை இடைவெளி விட்டு விட்டுக் கட்டிப் பிடிக்க வேண்டும். நம்மூர்த் தையல் வகுப்புகளில் இதைக் கவுச்சிங் என்பார்கள். சரிகை என்பது உள்நூலைச் சுற்றியிருக்கும் ஒரு மெல்லிய பளபளப்பான இழைதான், அதைத் துணிக்குள் இழுத்து இழுத்து வாங்கினால் இழை உரிந்து உள்நூல் வெளியே தெரிந்துவிடும். நல்ல தாப்பிஸைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் கட்டு நூலின் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் பெரும்பாலும் இருக்கும். கடையில் வாங்குகிறவர்களும் முதலில் துணியைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

துணிக்குக் கொஞ்சம் கனமான கைத்தறிப் பருத்தி எடுங்கள், கோடு போட்டதாக இருந்தால் ரொம்ப நல்லது. தாப்பிஸின் அழகில் பாதி அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. உடுத்தும்போது அவை உடம்பைச் சுற்றிப் படுக்கைவாக்கில் ஓடும், ஒரு பட்டை வெறுமையாக, அடுத்த பட்டை சரிகையோடு என்று மாறி மாறி வரும். பழைய துணிகளில் சிவப்புக்கு நுணா வேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு நம் சமையல் மஞ்சளே. நமக்கு அரக்கும் கருநீலமும் கலந்த கோட்டுத் துணி போதும். 15க்கு 25 செ.மீ. அளவில் வேலை செய்யும் இடத்தைக் குறித்து, பின்னால் ஒரு மெல்லிய காடாத் துணியை வைத்து, இரண்டையும் சேர்த்து மரச்சட்டத்தில் விறைப்பாகக் கட்டுங்கள், தட்டினால் சத்தம் வர வேண்டும். துணி தொய்ந்திருந்தால் சட்டத்தை விட்டு எடுத்ததும் எல்லாம் சுருங்கிக்கொள்ளும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

வடிவத்துக்கு மூங்கில் குருத்து நல்ல தொடக்கம், அதாவது வரிசையாக நிற்கும் கூரான முக்கோணங்கள். கப்பல், மனித உருவம் எல்லாம் பழைய தாப்பிஸில் உண்டு, ஆனால் வளைவு வரும் வடிவங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாக்குக் கட்டியால் முக்கோணம் வரைந்து, இரட்டைச் சரிகையை அடிப்பக்கக் கோட்டின்மேல் வையுங்கள். 9 அல்லது 10ஆம் எண் ஊசியில் மெழுகு தடவிய மெல்லிய மஞ்சள் நூலைக் கோத்து, சரிகையின் ஒரு பக்கம் மேலே வந்து மறுபக்கம் கீழே இறங்குங்கள். 3 அல்லது 4 மி.மீ.க்கு ஒரு கட்டு. சரிகை அசையாமல் இருந்தால் போதும், இறுக்கினால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்து ஒளி உடைந்து தெரியும்.

ஓரத்துக்கு வந்ததும்தான் பொறுமை வேண்டும். இரண்டு இழைகளையும் சேர்த்து ஒரேயடியாகத் திருப்பினால் முனை மொத்தையாகிவிடும், அதனால் வெளி இழையை முதலில் தனியாக ஒரு கட்டுப் போட்டுத் திருப்புங்கள், பிறகு உள் இழையைத் தனியாக. அடுத்த வரிசை முந்தையதை ஒட்டியே போக வேண்டும், நடுவில் துணி தெரியக் கூடாது. கட்டுகள் மட்டும் செங்கல் அடுக்குவது போல ஒன்றுக்கொன்று இடைவெளியில் விழட்டும். வரிசைக்கு வரிசை நீளம் குறைந்துகொண்டே போய் மேலே கூராக முடியும். சரிகையின் இரண்டு நுனிகளை மட்டும் கனமான ஊசியால் பின்பக்கம் இறக்கிக் கட்டிவிடுங்கள், விதிக்கு விலக்கு அந்த இடம் மட்டும்தான். மஞ்சளுக்குப் பதில் சிவப்பு நூலால் கட்டிப் பாருங்கள், தங்கம் கொஞ்சம் செம்பு கலந்தது மாதிரி ஆழமாகத் தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

கை பழகியதும் முழு ஜுங் சாரத் தாப்பிஸைப் பார்த்துச் செய்ய ஆசை வரும். ஏறக்குறைய துணி முழுவதையும் சரிகை மூடியிருக்கும் அந்த வகையை மணப்பெண் சிகர் என்ற பொன்னிறக் கிரீடத்தோடு உடுத்துவாள். இன்னொருவருடைய சடங்கு உடையை அப்படியே நகலெடுத்து விழாவுக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. லாம்புங் கைவினைஞர்களே இன்று பைகளிலும் பணப்பைகளிலும் இந்த வடிவங்களைத் தைத்து விற்கிறார்கள், நாமும் அந்த அளவில் நிற்கலாம். முழுத் தாப்பிஸ் வேண்டுமென்றால் அவர்களிடமே வாங்குங்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்த வேலைக்கு அந்த விலை நியாயமானது.

முடித்த துணியைத் துவைக்காதீர்கள், சரிகைமேல் இஸ்திரிப் பெட்டியும் வைக்காதீர்கள். மடித்தால் மடிப்பில் சரிகை முறியும். மெல்லிய பருத்தித் துணியைச் சேர்த்து வைத்து, தைத்த பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு குழாயில் தளர்வாகச் சுருட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.