மிச்ச உல்லனில் கோடு போட்ட குல்லா

ஸ்வெட்டர் பின்னும் வீட்டில் உல்லன் நூல் குட்டிக் குட்டி உருண்டையாக மிஞ்சிக் கிடக்கும். எதற்கும் போதாது, வீசவும் மனசு வராது. கோத்தகிரி மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டவர்களுக்கு அதை வைத்து என்ன செய்வதென்று சொல்ல வேண்டாம். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னலும் தெரிந்தால் போதும், குல்லா பின்னிவிடலாம்.

முதலில் நூலைப் பிரியுங்கள். நிறம் பார்த்து அல்ல, பருமன் பார்த்து. இரண்டு நூலை மடித்து, கொக்கி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, இருபுறமும் முறுக்குங்கள். மாட்டிய இடத்தை விரலால் உருவும்போது மேடு தட்டினால் அந்த ஜோடி ஆகாது. அடர் நிற நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்ப்பதும் நல்லது. நான் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். முதல் சலவையிலேயே வெள்ளைக் கோடெல்லாம் ரோஸ்!

ஊசி இரண்டு ஜோடி: பார்டருக்கு (குல்லாவின் கீழ் விளிம்பு) 10-ஆம் நம்பர் (3.25 மி.மீ.), மற்றதற்கு 8 (4 மி.மீ.). நம்பர் கூடினால் ஊசி மெலியும். சின்னதாக ஒரு துண்டு பின்னி அளந்து பாருங்கள், 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) வர வேண்டும். அதிகம் வந்தால் கொஞ்சம் தடித்த ஊசிக்கு மாறுங்கள்.

பார்டர்: மெல்லிய ஊசியில் 110 கண்ணி ஏற்றி, 2 நிட், 2 பர்ல் என்று போய் 2 நிட்டில் முடியுங்கள். திரும்பும் வரிசை 2 பர்லில் தொடங்கும். 5 செ.மீ. வரை ஒரே நிறம்.

கோடுகள்: ஊசியை மாற்றி, நேர்ப்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல். நிறத்தை நிட் வரிசைத் தொடக்கத்தில் மட்டும் மாற்றுங்கள். நூல் நுனிகளெல்லாம் ஒரே ஓரத்தில் சேரும், தையலுக்குள் மறைத்துவிடலாம். ஒரு வரிசைக்கு அகலத்தைப் போல் சுமார் நான்கு மடங்கு, அதாவது 2 மீட்டர் நூல் போகும். இரண்டு வரிசைக் கோட்டுக்கு நாலரை மீட்டர் இருக்கிறதா என்று அளந்துவிட்டே தொடங்குங்கள்; பாதி வரிசையில் நூல் தீர்ந்தால் பிரிக்கத்தான் வேண்டும். சாம்பலோ கறுப்போ ஒரு நிறத்தை இடையிடையே திரும்பக் கொண்டுவந்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரித் தெரியாது.

உச்சி: மொத்த உயரம் 15 செ.மீ. ஆனதும், நேர்ப்பக்கத்தில் 1 நிட்; பிறகு 7 நிட், இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட் என்று 12 தடவை; கடைசியில் 1 நிட். பின்பக்கம் முழுக்க பர்ல். அடுத்த நிட் வரிசையில் 7 என்பது 6 ஆகும், அதற்கடுத்து 5. இப்படியே குறைத்தால் 14 கண்ணியில் வந்து நிற்கும்.

அரை மீட்டர் விட்டு நூலை வெட்டி, தையல் ஊசியில் கோத்து, 14 கண்ணிக்குள்ளும் விட்டு இறுக்கி இழுங்கள். அதே நூலால் உட்புறம் வைத்து ஓரங்களைத் தைத்துவிடலாம்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்றால் 98 கண்ணி, உயரம் 13 செ.மீ. உச்சியை 6 நிட்டில் தொடங்குங்கள்.