ஐபோன் வீடியோ: சத்தம் வருது, படம் வரேல்லை

நல்லூர்த் தேரன்று மச்சான் ஐபோனில் எடுத்த 4கே வீடியோ, வீட்டுக் கொம்பியூட்டரில் சத்தம் மட்டும்தான், படம் கறுப்பு. விண்டோஸ் 10, ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3.

கோப்பின் பின்னொட்டை எம்ஓவியிலிருந்து எம்பி4 ஆக்கியது வீண். பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது மாறாது. இலவச கோடெக் பாக் (வீடியோ வகைகளைத் திறக்க உதவும் மென்பொருள் தொகுப்பு) ஒன்று விளம்பரங்களை மட்டும் கொண்டுவந்து சேர்த்தது. விஎல்சி பிளேயரில் படம் வந்தது, ஆனால் தேர் நின்று நின்று நகர்ந்தது. டாஸ்க் மனேஜரில் சிபியு 100 வீதம்.

கோப்பின் உள்விபரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்தபோதுதான் விளங்கியது. எச்இவிசி என்ற சுருக்கும் முறை, 'மெயின் 10'. அதாவது 10 பிட் நிறம். ஆறாம் தலைமுறைச் சிப்பின் கிராபிக்ஸ் 8 பிட் எச்இவிசியை இலகுவாக விரிக்கும். 10 பிட்டுக்கான முழு வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதுதான் முழுப் பாரமும் சிபியுவின் தலையில்.

வீடியோவை வேறு வகைக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் மாற்றினேன். வீடியோ என்கோடர், இந்தச் சிப் இலகுவாக விரிக்கும் பழைய சுருக்கும் முறையான எச்.264 (எக்ஸ்264), தரம் ஆர்எஃப் 21, அளவு 1080பி, பிரேம் ரேட் கொன்ஸ்டன்ட். பட்டியலில் பக்கத்திலேயே 'எச்.264 10 பிட்' என்று ஒன்று இருக்கும்; அதைத் தொட்டால் பழைய கதைதான், அதையும் இந்தச் சிப் விரிக்காது. எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடிய) வீடியோ என்றால் ஃபில்டர்ஸ் பகுதியில் கலர்ஸ்பேஸை, சாதாரணத் திரைக்கான பிடி.709 ஆக்க வேண்டும். விட்டால் தேரின் சிவப்பு வெளிறிப் போகும். பழைய ஐ3 என்பதால் மாற்ற நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

மச்சானின் போனிலும் செட்டிங்ஸ், கமரா, ஃபோர்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' (எச்.264இல் பதியும்) போட்டு, ரெக்கோர்ட் வீடியோவில் எச்டிஆரை நிறுத்தியாச்சு.