மண்சட்டி, கத்தரிக்காய், பூண்டு: ஒரே பென்சில் படத்தில் ஓவியத்தின் அடிப்படைகள்

ஓவியத்தின் அடிப்படைக் கூறுகள் ஏழு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும்: கோடு, வடிவம், திரட்சி (பொருளின் பருமன்), டோன், நிறம், மேற்பரப்பு, வெளி (முன், பின் என்ற இடம்). அப்புறம் சமநிலை, முரண், அழுத்தம் (கண்ணை ஓர் இடத்துக்கு இழுப்பது), விகிதம், லயம், அசைவு, ஒருமை என்று வடிவமைப்புக் கொள்கைகளின் பட்டியல் ஒன்று. அது புத்தகத்துக்குப் புத்தகம் கூடும், குறையும். இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டு வெள்ளைத் தாள் முன்னால் உட்கார்ந்தால் கை ஓடாது. எதை முதலில் முடிவு செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று அந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை.

அதனால் இந்தப் பதிவில் ஒரே ஒரு படம். சமையலறையில் இருக்கும் மூன்று வகைப் பொருட்களை மேசையில் வைத்து, பென்சிலால் வரையப் போகிறோம். நிறத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஓர் இடம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கருமை என்பதுதான் டோன். அது கைக்கு வந்துவிட்டால் நிறம் கொஞ்சம் தடுமாறினாலும் படம் நிற்கும். டோன் தப்பினால் எவ்வளவு அழகான நிறமும் படத்தைக் காப்பாற்றாது. இதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு, பதிவில் பாதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என்னென்ன வேண்டும்

எச்பி, 2பி, 6பி என்று மூன்று பென்சில். பி-க்கு முன்னுள்ள எண் கூடக்கூடக் கருமை கூடும். அப்சரா, கேமல் எது கிடைத்தாலும் சரி. பன்னிரண்டு பென்சில் உள்ள பெட்டி வேண்டாம், எதை எடுப்பது என்ற யோசனையிலேயே கவனம் போய்விடும். பென்சிலைக் கட்டர் கத்தியால் சீவி, கரிமுனை நீளமாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஷார்ப்னரில் சீவிய குட்டை முனையைச் சாய்த்துப் பட்டையாகத் தீட்ட முடியாது.

தாள், 130 முதல் 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) வரையுள்ள கார்ட்ரிட்ஜ் ஷீட் என்கிற ஓவியத் தாள், ஏ4 அளவு. பிரிண்டர் தாள் வழுவழுப்பானது. அதில் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் பென்சில் ஏறாது. பிசைந்து உருட்டக்கூடிய ரப்பர் ஒன்று வாங்கிக்கொண்டால் நல்லது, அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியே வெளுப்பை எடுக்கலாம். விரலால் தேய்த்து ஷேடிங் செய்யும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து தொடங்காதீர்கள். எல்லாம் ஒரே சாம்பல் புகையாகிவிடும், மண்சட்டிக்கும் கத்தரிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது.

படி 1: ஒரே பக்க வெளிச்சம்

ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஒரு மேசை விளக்கு, இடது பக்கம், பொருட்களைவிடச் சற்று உயரத்தில். இடதுகைக்காரர்கள் வலது பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கையின் நிழல் தாளில் விழும். விளக்குகள் இரண்டு எரிந்தால் நிழல்களும் இரண்டு விழும், எது திரட்சியைக் காட்டும் நிழல் என்று புரியாமல் குழம்புவீர்கள்.

*பின்சேர்க்கை:* வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சம் நல்லது என்று எங்கோ படித்ததாகவும், தன் வீட்டில் மே மாதம் அந்த ஜன்னல் வழியே வெயிலே அடிப்பதாகவும் சென்னை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த அறிவுரை ஐரோப்பாவுக்குச் சரி. அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான் இருக்கும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலைப் பயன்படுத்துங்கள், அல்லது விளக்கே போதும்.

படி 2: பொருட்களை அடுக்குதல்

ஒரு மண்சட்டி, இரண்டு கருநீலக் கத்தரிக்காய், ஒரு முழுப்பூண்டு. காரணத்தோடுதான் இவற்றைச் சொல்கிறேன். சட்டி நடுத்தர டோன், கத்தரிக்காய் கருமை, பூண்டு வெளுப்பு. மேற்பரப்பும் மூன்று விதம்: சொரசொரப்பு, பளபளப்பு, காய்ந்த தோல்.

சட்டியைச் சரியாக நடுவில் வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வையுங்கள். கத்தரிக்காய்கள் சட்டியை ஓரளவு மறைக்கட்டும். ஒன்றை ஒன்று மறைத்தால்தான் முன், பின் என்ற ஆழம் வரும், வெளி என்ற கூறு தாளுக்குள் நுழைவது அப்படித்தான். பூண்டு வலப்பக்கம் தனியாக, தள்ளி இருக்கட்டும். பெரிய, கனமான பொருள் நடுவுக்கு அருகில், சின்னது நடுவிலிருந்து தூரத்தில் என்று வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமலேயே சமநிலை கிடைக்கும்.

இரண்டு பொருட்களின் விளிம்புகள் தொட்டும் தொடாமலும் இருக்கக்கூடாது. ஒன்று நன்றாக மறைக்கவேண்டும், இல்லையென்றால் நன்றாக விலகவேண்டும். வெறுமனே தொட்டுக்கொண்டு நின்றால் எது முன்னால் இருக்கிறது என்றே தெரியாது. கத்தரிக்காயின் காம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். அது தாளின் ஓரத்தைக் காட்டினால் பார்ப்பவர் கண்ணும் வெளியே போய்விடும், உள்பக்கம் திருப்புங்கள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்கிற பாறைச் சிற்பத்தின் முன் நின்று பாருங்கள். தேவர்கள், மனிதர்கள், விலங்குகள் எல்லாம் இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவிலுள்ள பிளவை நோக்கித் திரும்பியிருக்கும். அத்தனை கூட்டத்திலும் நம் கண் சிதறாமல் நடுவுக்கு வருவது அதனால்தான். அசைவு, அழுத்தம் என்ற இரண்டு கொள்கைகளுக்கும் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அடுக்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். இத்தாலியின் பொலோன்யா நகரில் வாழ்ந்த ஓவியர் ஜார்ஜோ மொராண்டி (1890–1964) புட்டிகளையும் கிண்ணங்களையும் இடம் மாற்றி மாற்றி வைத்தே வாழ்நாளின் பெரும்பகுதி வரைந்தவர். பளபளப்பு கண்ணை இழுக்காமலிருக்கச் சில புட்டிகளுக்கு முன்கூட்டியே வண்ணம் பூசியும் வைத்துக்கொள்வார்.

படி 3: தீப்பெட்டி அளவில் நான்கு படம்

பெரிய தாளைத் தொடுவதற்கு முன், தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் நான்கு போட்டு இதே காட்சியை வரையுங்கள். விவரம் வேண்டாம். மூன்றே டோன்: தாளின் வெள்ளை, நடுத்தரச் சாம்பல், கருமை. நான்கிலும் பின்புலத்தை மாற்றிப் பாருங்கள். ஒன்றில் பின்புலம் கருப்பு, ஒன்றில் சாம்பல், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் பாதிப் பாதி.

ஜப்பானியக் கலையில் வெளுப்பும் கருமையும் இப்படிப் பங்கு பிரிந்து நிற்பதை நோட்டான் என்கிறார்கள். ஆர்தர் வெஸ்லி டவ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கோடு, நோட்டான், நிறம் என்ற மூன்றை வைத்துப் படத்தின் அமைப்பைக் கற்பித்தார். புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் அவரிடம் படித்தவர்.

நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று டோனும் சம அளவில் இருக்கும் படத்தை முதலில் ஒதுக்குங்கள். ஒரு டோன் பாதிக்கு மேல் இடம் பிடிக்கட்டும், ஒன்று கொஞ்சம், ஒன்று மிகக் கொஞ்சம். விகிதம் என்ற கொள்கைக்கு இங்கேதான் வேலை. இந்தக் காட்சிக்கு என் விருப்பம் கருமையான பின்புலம். அப்போது பூண்டின் வெள்ளை சின்ன இடமாக இருந்தும் படத்தையே ஆளும்.

படி 4: கோடு

எச்பி பென்சிலால், அழுத்தாமல். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலை நகர்த்திச் சட்டியின் உயரத்தை அளந்து, அகலம் அதைப்போல எத்தனை பங்கு என்று பாருங்கள். சட்டியின் வாய் நீள்வட்டம். அதன் இரண்டு ஓரங்களும் வளைந்துதான் திரும்பும், கூர்முனையாக வராது. மேலிருந்து பார்க்கும்போது அடிப்பக்கத்து வளைவு, வாயின் வளைவைவிடச் சற்று அதிக உருண்டையாக இருக்கும்.

கோட்டை மட்டுமே நம்பி நிற்கும் ஓவியமும் உண்டு. காந்தி நூற்றாண்டையொட்டித் தமிழக ஓவியர் கே. எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். நம் படத்திலோ கோடு வெறும் எல்லைக் குறிப்பு. டோன் ஏறியதும் அது மறைந்துவிட வேண்டும்.

படி 5: டோன்

பெரும்பாலோர் நிற்பது இங்கேதான். எனக்கும் அதிக காலம் பிடித்தது இந்தப் படிதான்.

முதலில் தாளின் ஓரத்தில் ஐந்து கட்டம். 1 என்பது வெறும் தாள், 5 என்பது 6பி பென்சிலால் முடிந்த கருமை, நடுவில் மூன்று படிகள். மன்செல் என்ற நிற அறிஞரின் அளவுகோலில் கருப்பு 0, வெள்ளை 10. நமக்கு ஐந்து போதும், தொடங்கும்போது அதற்கு மேல் கண் பிரித்துப் பார்க்காது.

சரி, சிக்கல் என்ன? கண் வெளிச்சத்தை அளப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஏடெல்சன் 1995-இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தை இணையத்தில் பாருங்கள். நிழலுக்குள் இருக்கும் ‘வெள்ளை’ கட்டமும் வெளிச்சத்தில் இருக்கும் ‘கருப்பு’ கட்டமும் அச்சு அசலாக ஒரே சாம்பல். தெரிந்த பிறகும் கண் நம்பாது. பூண்டு வரையும்போது நடப்பதும் இதுதான். பூண்டு வெள்ளை என்று மனது சொல்வதால் அதன் நிழல் பக்கத்தையும் வெளுப்பாகவே விடுகிறோம். அதனால் பூண்டு உருளாமல் தட்டையாகக் கிடக்கிறது.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, கண்ணை நன்றாகச் சுருக்கிப் பார்ப்பது. விவரங்கள் மங்கி, வெளிச்சமும் நிழலும் இரண்டு பெரிய திட்டுகளாகத் தெரியும். இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு சாம்பல் நிற அட்டையில் பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றின் வழியே பூண்டின் நிழலும் மற்றொன்றின் வழியே சட்டியின் வெளிச்சப் பக்கமும் தெரியும்படி பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பூண்டின் நிழல்தான் அதிகக் கருப்பாக இருக்கும். வெள்ளைப் பொருளின் நிழல், செம்மண் பொருளின் வெளிச்சத்தைவிடக் கருப்பு! இதை ஒரு தடவை சொந்தக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மனது சொல்வதைக் கை கேட்காது.

பார்த்த எண்களைக் கோட்டுப் படத்திலேயே மெதுவாக எழுதிவிடுங்கள். என் மேசையில் இருந்தவை: பூண்டின் வெளிச்சம் 1, நிழல் 3. சட்டியின் வெளிச்சம் 2, நிழல் 4. கத்தரிக்காயின் வெளிச்சம் 4, நிழல் 5, அதன் மேலுள்ள ஒளிப்புள்ளி மட்டும் 1. உங்கள் விளக்குக்கு இவை மாறும்.

இனி தீட்டலாம். நிழல்களை எல்லாம் 2பி பென்சிலால் ஒரே சீராக ஒரு அடுக்கு போடுங்கள். பொருளின் மேலுள்ள நிழலும் மேசையில் விழுந்த நிழலும் சேரும் இடத்தில் நடுவே கோடு வேண்டாம், ஒன்றோடொன்று கலக்கட்டும். பின்புலத்தையும் இப்போதே போட்டுவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வெள்ளைத் தாளுக்கு எதிரே எல்லாமே கருப்பாகத் தெரிந்து, கை பயந்து நின்றுவிடும். அடுத்து 4 என்று குறித்த இடங்களில் கருமையைக் கூட்டி, கடைசியாக 6பி பென்சிலால் 5 என்று குறித்த இடங்கள். விழுந்த நிழல் பொருளின் அடியில் கருமையாகவும் கூர்மையாகவும் தொடங்கி, தள்ளிப் போகப் போக மங்கும்.

மேசையிலிருந்து எதிரொளித்துச் சட்டியின் நிழல் பக்கத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம் தெரியும். அழகாக இருக்கிறதே என்று அதை வெளுத்துவிடாதீர்கள். எதிரொளி நிழல் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிச்சப் பக்கத்தின் மிகக் கருமையான இடத்தைவிடவும் அது கருப்பாகவே இருக்கவேண்டும்.

*பின்சேர்க்கை 1:* டோன் பார்க்க செல்போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்தால் நிழலெல்லாம் வெளுத்துத் தெரிகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போனின் எச்டிஆர் வசதி நிழல்களைத் தானாகவே தூக்கிக் காட்டும். அதை அணைத்துவிட்டு, திரையில் பூண்டைத் தொட்டு வெளிச்ச அளவைக் குறைத்து எடுங்கள். ஆனாலும் அட்டை ஓட்டையைத்தான் சிபாரிசு செய்வேன், அது கண்ணைப் பழக்கும்.

*பின்சேர்க்கை 2:* 6பி அழுத்தித் தீட்டிய இடம் பளபளத்துச் சாம்பலாகத் தெரிகிறதா? சாதாரணப் பென்சில் முனையிலுள்ள கிராஃபைட்டின் இயல்பு அது. அழுத்தாமல் வெவ்வேறு திசையில் மெல்லிய அடுக்குகளாக ஏற்றுங்கள். கரிப் பென்சில் (சார்க்கோல்) வேண்டுமென்றால் முதலிலேயே முடிவு செய்யுங்கள், கிராஃபைட் ஏறிய இடத்தின் மேல் கரி சரியாகப் பிடிக்காது.

படி 6: மேற்பரப்பும் அழுத்தமும்

சொரசொரப்பை எல்லா இடத்திலும் காட்டவேண்டியதில்லை. வெளிச்சம் நிழலாக மாறும் அந்த நடுப்பட்டையில் மட்டும் காட்டினால் போதும், மீதியைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். சட்டிக்குப் பென்சிலைப் படுக்கவைத்து உலர்ந்த கோடுகள். கத்தரிக்காய்க்கு ஒளிப்புள்ளியின் விளிம்பு கூர்மையாக இருந்தாலே பளபளப்பு வந்துவிடும். பூண்டின் பற்களுக்கு நடுவே அடியிலிருந்து நுனிக்கு ஓடும் கோடுகளைச் சம இடைவெளியில் போடாதீர்கள். நெருக்கம், விலகல், மறுபடி நெருக்கம் என்று போனால் லயம் கிடைக்கும்.

அழுத்தம் ஒரே ஓர் இடத்தில் போதும். பூண்டின் வெளிச்ச விளிம்பு கருத்த பின்புலத்தைச் சந்திக்கும் இடத்தில் மிகக் கூர்மையான விளிம்பு, மிக அதிக முரண். சட்டியின் தூரப்பக்கத்து விளிம்பை ரப்பரால் ஒற்றி மங்கலாக்குங்கள்.

*பின்சேர்க்கை 3:* இதே படத்தை வாட்டர்கலரில் செய்யலாமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தாராளமாக. அதே தீப்பெட்டிப் படம், அதே எண்கள். நிறத்துக்கும் சொந்த டோன் உண்டு என்பதை மட்டும் கவனியுங்கள். லெமன் யெல்லோவை எவ்வளவு கெட்டியாகப் பூசினாலும் அது 2-ஐத் தாண்டாது, அல்ட்ராமரீன் ட்யூபிலிருந்து வரும்போதே 4, 5-இல் இருக்கும். ஒவ்வொரு நிறத்தையும் உங்கள் ஐந்து கட்டத்துக்குப் பக்கத்தில் பூசி, காய்ந்த பிறகு எண் குறித்து வையுங்கள். வாட்டர்கலர் ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தால் வெளுக்கும், அதனால் ஈரத்தில் எண் குறிக்கவேண்டாம்.

முடிந்த பென்சில் படத்தின் மேல் பட்டர் பேப்பர் ஒன்றை வைத்து, மேல் ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டி ஃபைலில் வையுங்கள். நான்கு ஓரமும் ஒட்டினால் எடுக்கும்போது நகர்ந்து 6பி இடமெல்லாம் கலையும்.