திருகோணமலையில் இஞ்சிப்பியருக்குக் காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் தேடுவோருக்கு

இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். அது வீட்டில் காய்ச்சும் பியருக்கும் பொருந்தும். ஆகவே இக்குறிப்பு மதுசாரம் கலவாத இஞ்சிப்பியரையும் எலுமிச்சைச் சோடாவையும் வீட்டிலோ சிறு கடையிலோ தயாரிப்பவர்களுக்கானது. வாயு ஏற்றும் முறையும் அதற்கான கருவிகளும் பியருக்கும் இவற்றுக்கும் ஒன்றுதான். எனவே உபகரணத்தைப் பற்றி வெளிநாட்டுப் பியர்க்காரர்கள் கற்றுக்கொண்டவை நமக்கும் பயன்படும்; ஆனால் அவர்கள் குளிர் நாடுகளிலிருந்து எழுதுகிறார்கள் என்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது.

முதலில் செலவைப் பார்ப்போம். நன்றாகப் பொங்கும் இஞ்சிப்பியர் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 7 கிராம் காபனீரொட்சைட்டு தேவைப்படும். 5 கிலோ வாயு கணக்கின்படி 700 லீற்றருக்குப் போதும். கசிவு, வாயு ஏற்றும் மூடிய பாத்திரத்தின் காற்றை வெளியேற்றுவது, குழாயில் வீணாவது ஆகியவற்றில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் 450 லீற்றருக்குக் குறையாது. 8 கிராம் கொண்ட சிறு குப்பிகளால் இதையே செய்வதென்றால் ஒரு லீற்றருக்கு ஒரு குப்பி வீதம் வாங்கவேண்டும். ஆக, வாயு மலிவானது. விலை சிலிண்டரிலும், அதன் அமுக்கத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரிலும்தான் இருக்கிறது. வைப்புப் பணம் கட்டி, வெறுஞ் சிலிண்டரைக் கொடுத்து நிரப்பியதை மாற்றிக்கொள்ளும் முறையே என் பார்வையில் சிக்கனமானது. அதில் சிலிண்டரின் பரிசோதனையும் பராமரிப்பும் வழங்குநரின் பொறுப்பாகிவிடுகின்றன.

அருகிலுள்ள கடற்கரை ஊர்களான உப்புவெளியிலும் நிலாவெளியிலும் குழாய் வழியே சோடாவோ பியரோ வழங்கும் ஹோட்டல் ஏதேனும் இருந்தால், அதன் குளிர்பானப் பொறுப்பாளரிடம் வாயுவை யாரிடம் எடுக்கிறார்கள் என்று கேட்பதே மிகச் சுருக்கமான வழி. உணவுத் தரமுள்ள வாயுவை ஒழுங்காகக் கொண்டுவரும் ஒருவரை அவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார்கள். அவரது லொறி வரும் நாளில் இன்னொரு சிலிண்டரும் சேர்ந்து வந்தால் போக்குவரத்துச் செலவு பகிரப்படும். மாரிக்காலத்தில் உல்லாசப் பயணிகள் குறையும்போது லொறியின் வருகையும் குறையக்கூடும் என்பதால், அதற்கு முன்பே ஒன்றை நிரப்பி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து பலரும் நினைப்பது வெல்டிங் கடையையும் தீயணைப்புக் கருவி நிரப்புமிடத்தையும். வெல்டிங் வாயுவும் உணவுத் தர வாயுவும் ஒரே ஆலையிலிருந்து வந்திருக்கலாம். வேறுபாடு அந்தச் சிலிண்டர் முன்பு எங்கே இருந்தது, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பதில்தான். உணவுத் தரம் என்றால் தூய்மை 99.9 சதவீதத்துக்குக் குறையாமலும், ஈரம், எண்ணெய், பென்சீன், கந்தகச் சேர்வைகள் ஆகியவை சோதித்து எல்லைக்குள் வைக்கப்பட்டும் இருக்கவேண்டும்; அதற்கான தரச் சான்றிதழைக் கேட்டு வாங்கவேண்டும். ஒரு முறை அவசரத்தில் தொழிற்சாலைப் பாவனைக்குரிய சிலிண்டரை எடுத்து 19 லீற்றர் இஞ்சிப்பியரில் வாயு ஏற்றினேன். மறுநாள் திறந்தபோது இயந்திர எண்ணெயின் வாடை அடித்தது, முழுவதையும் ஊற்றிவிட்டேன். அன்றிலிருந்து, புதிதாக வந்த எந்தச் சிலிண்டரின் வாயுவையும் முதலில் ஒரு குவளை சுத்தமான குளிர்நீரில் சில நிமிடங்கள் செலுத்தி, முகர்ந்தும் சுவைத்தும் பார்க்கிறேன். சான்றிதழுக்கு இது ஈடாகாது. ஆனாலும் வெளிப்படையான கெடுதலை உடனே காட்டிவிடும்.

தீயணைப்புச் சிலிண்டரில் வேறொரு ஆபத்து உண்டு. அதன் வால்விலிருந்து அடி வரைக்கும் ஒரு குழாய் இறங்கியிருக்கும்; திறந்தால் வாயு அல்ல, திரவமே பீறிடும். அத்திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்தால் அதைச் சிதைத்துவிடும். சுழியோடிகளின் காற்றுச் சிலிண்டரையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் வால்வும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேறு.

சிலிண்டரைக் கையில் எடுத்தவுடன் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூச்சு யாராலும் அடிக்கப்படலாம். தோள்பகுதியில் உலோகத்திலேயே பொறிக்கப்பட்ட எழுத்துக்களை வாசிக்கவேண்டும். அங்கே வெறுஞ் சிலிண்டரின் நிறை, நீர்க் கொள்ளளவு, பரிசோதனை அமுக்கம், கடைசியாக நீரமுக்கப் பரிசோதனை (நீரை நிரப்பி அமுக்கிச் சிலிண்டர் தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். காபனீரொட்சைட்டுக்குரிய உருக்குச் சிலிண்டர்களில் பரிசோதனை அமுக்கம் பெரும்பாலும் 250 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கம்). கடைசிப் பரிசோதனைக்கு ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தால், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் எடுக்கமாட்டேன். இங்கே கடலிலிருந்து வரும் உப்புக்காற்று உருக்கை விரைவாக அரிக்கும். குறிப்பாக அடிப்பகுதியில், ஈரத் தரையைத் தொட்டு நிற்கும் வளையத்தில். அங்கே துருவைச் சுரண்டிப் பார்த்து, குழி விழுந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

நமது ஊருக்கென்றே தனியாகச் சொல்லவேண்டியது வெப்பம். காபனீரொட்சைட்டு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. 20 பாகை செல்சியசில் அதன் அமுக்கம் ஏறத்தாழ 57 பார். 31 பாகையைத் தாண்டினால் அது திரவமாக இருக்கவே முடியாது. அதுவே அதன் அவதி வெப்பநிலை, அப்போது அமுக்கம் 74 பார். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பகலில் 31 பாகை என்பது திருகோணமலையில் நிழலிலேயே கடக்கப்படும் அளவு. அதற்கு மேல் அமுக்கம் எவ்வளவு உயரும் என்பது சிலிண்டர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது; அளவுக்கு மிஞ்சி நிரப்பப்பட்டது வெயிலில் நின்றால் வால்விலுள்ள பாதுகாப்புத் தகடு வெடித்து முழு வாயுவும் நொடிகளில் வெளியேறும். வெப்ப நாடுகளில் ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு மூன்றில் இரண்டு கிலோ என்ற அளவோடு நிரப்புவதை நிறுத்துவது பாதுகாப்பானது. 10 லீற்றர் சிலிண்டருக்கு 6.7 கிலோ. இதை அமுக்கமானி காட்டாது. திரவம் இருக்கும் வரைக்கும் முள் அசையாமல் நிற்கும், வெப்பம் ஏறினால் பொய்யாக உயரும். எனவே தராசுதான் ஒரே சாட்சி. வாங்கும் இடத்திலேயே நிறுத்து, பொறிக்கப்பட்ட வெறுநிறையைக் கழித்து, நிரப்பிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைவாக நிரப்பி முழு விலை கேட்பதும் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது வால்வு மூடியைப் பூட்டி, நிமிர்த்திக் கட்டி, திறந்த பின்புறமுள்ள வாகனத்தில் கொண்டுவரவேண்டும். பஸ்ஸிலும் கண்ணாடி ஏற்றிய காரிலும் வேண்டாம். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது, தரையில் தேங்கும். 5 கிலோ வெளியேறினால் சுமார் 2,700 லீற்றர் வாயு வரும். பத்தடிக்குப் பத்தடி அறையில் அது காற்றில் பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்தச் செறிவில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். படுக்கையறையிலும் பூட்டிய களஞ்சியத்திலும் வைக்காமல், வெயில் படாத, காற்றோட்டமான பின்விறாந்தையில் சங்கிலியால் சுவரோடு கட்டி வைக்கவேண்டும். சிறு பிள்ளைகள் தவழும் வீட்டில் இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது.

ரெகுலேட்டர் காபனீரொட்சைட்டுக்கென்று செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். வெல்டிங் ரெகுலேட்டர் பெரும்பாலும் வெளியேறும் அமுக்கத்தைக் காட்டாமல் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பதையே காட்டும். நமக்கு அது உதவாது. மரை பொருந்தாவிட்டால் வலிந்து முறுக்காதீர்கள். வாசர் புதிதாக இருக்கட்டும். குடிபானம் பின்னோக்கி ஏறாதபடி ஒருவழி வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனெனில் வாயு கலந்த அமிலநீர் பித்தளையைத் தொட்டால் செம்பு கரைந்து பானத்தில் சேர்ந்து வாந்தியை உண்டாக்கும். பானம் படும் பாகங்கள் துருப்பிடிக்காத உருக்காகவே இருக்கட்டும்.

ரெகுலேட்டரின் திருகை முழுவதும் தளர்த்திய பின்னரே சிலிண்டர் வால்வை மெல்லத் திறந்து, எல்லா மூட்டுகளிலும் சவர்க்கார நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். பானத்தை 4 பாகைக்குக் குளிர்வித்தால் 20 முதல் 23 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்; ஏறத்தாழ ஒன்றரை பார்) அமுக்கம் போதும், அறை வெப்பத்தில் ஏற்ற முயன்றால் அதன் இரு மடங்குக்கு மேல் தேவைப்படும், அது பாத்திரத்துக்கும் ஆபத்து. கண்ணாடிப் போத்தலில் அமுக்கம் ஏற்றக் கூடாது. வேலை முடிந்தவுடன் சிலிண்டர் வால்வை மூடுங்கள். மாற்றக் கொடுக்கும் நாளில் உள்ளே சிறிது அமுக்கத்தை விட்டுவைத்தே கொடுங்கள், முற்றிலும் காலியான சிலிண்டருக்குள் ஈரக்காற்று புகுந்து உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்யும்.