பதில் வராத நாட்களில் ஜெபிப்பது எப்படி? 13ஆம் சங்கீதத்தோடு 61 நாள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கோ புதுச்சேரி தேங்காய்த்திட்டுக்கோ போய்ப் பாருங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஆனால் கரையில் யாரும் சும்மா இல்லை. வலையை மடியில் போட்டு, விரலால் தடவித் தடவிக் கிழிசலைத் தேடி, அறுந்த கண்ணை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுச் சேர்க்கிறார்கள். கர்த்தருக்குக் காத்திருப்பது என்று வேதம் சொல்வதும் இப்படிக் கை ஓயாத காத்திருப்புதான்.

வேலை, கல்யாணம், குழந்தை, கடன், வியாதி என்று ஏதோ ஒன்றுக்காக மாதக்கணக்கில் ஜெபித்து, இப்போது முழங்காலில் நின்றாலும் வார்த்தை வராதவர்களுக்கான முறை இது: 61 நாள், தினமும் 13ஆம் சங்கீதத்தை வாசித்து, எழுதி, ஜெபிப்பது. ஒரு வேதாகமம், 80 பக்க நோட்டு, பேனா, தினமும் 15 நிமிடம் போதும். கத்தோலிக்கர் வீட்டு விவிலியத்தில் சங்கீதங்கள் ‘திருப்பாடல்கள்’ என்று இருக்கும். எண் அதே 13தான்.

இந்தச் சங்கீதத்தில் மொத்தம் 6 வசனம். முதல் இரண்டு முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. நேரத்தையும் அப்படியே ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து நிமிடம்தான் பலருக்கும் கஷ்டம். பழைய மொழிபெயர்ப்பில் முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ என்ற சொல் நான்கு முறை வருகிறது. அதை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு தேதி போட்டு உங்கள் ‘எதுவரைக்கும்’ எது என்று எழுதுங்கள். ‘என் பாரங்களை அறிவீர் ஆண்டவரே’ என்று பொதுவாக எழுதினால் மனம் இளகாது. ‘மூன்றாவது இன்டர்வியூவும் போச்சு. வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்தார். உம்மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது’ என்று எழுதுங்கள். இதை அவிசுவாசம் என்று பயந்து நேராக ஸ்தோத்திரத்துக்குத் தாவுகிறவர்கள் ஏராளம். சொல்லாமல் விழுங்கிய கோபம் கொஞ்ச நாளில் ஜெபத்தையே நிறுத்திவிடும்.

அடுத்தது விண்ணப்பம். 3ஆம் வசனத்தில் தாவீது ‘என் கண்களைத் தெளிவாக்கும்’ என்று கேட்கிறான். சத்துரு அப்படியேதான் இருக்கிறான்; முதலில் தன் கண் மங்காமல் இருக்க வேண்டும் என்கிறான். நீங்களும் பெரிய காரியத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, இன்றைக்கு மட்டும் தேவையான ஒன்றைக் கேளுங்கள்: வீட்டில் எரிந்துவிழாத நாக்கு, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கத் தெம்பு.

கடைசி ஐந்து நிமிடத்தில், கர்த்தர் நடத்தி வந்த பழைய நாள் ஒன்றை எழுதுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரை பறந்தபோது பக்கத்துத் தெருவில் படுக்க இடம் கிடைத்தது போன்ற சின்ன விஷயம் போதும். 6ஆம் வசனத்தை வாசித்து, தெரிந்த பாட்டில் ஒரு சரணம் பாடி முடியுங்கள்.

வாரத்துக்கு இரண்டு காரியம் கையாலும் செய்ய வேண்டும். ஒன்று, ஜெபிக்கிற விஷயத்திலேயே உங்கள் பக்கத்து வேலை: விண்ணப்பம் போடுவது, கடன்காரரிடம் நேரில் போய்த் தவணை பேசுவது. விசுவாசம் என்ற பெயரில் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று, உங்களைப் போலவே காத்திருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போவது. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்தவரைக்கும் நல்லதையே செய்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. ‘உங்களுக்கு விசுவாசம் பத்தலை’ என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

இந்த முறை பெரும்பாலும் எங்கே கெடுகிறது? கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வதில். புதுவருட ஆராதனையில் கிடைத்த, அந்த வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையையும் அப்படித்தான் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11 நிறைய வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆனால் முந்தைய வசனம், அதற்கு 70 வருஷம் ஆகும் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று 5ஆம் வசனத்தில் இருப்பதையும் சேர்த்து வாசித்தவர் டிசம்பரில் உடைந்துபோக மாட்டார்.

பொருத்தனையிலும் கவனம் வேண்டும். நன்றியாகக் கொடுப்பது வேறு. ‘இதைச் செய்தால் அதைத் தருவேன்’ என்று பேரம் பேசுவது வேறு. பேரம் பேசியவர், பதில் தாமதித்தால் தொகையைக் கூட்டிக்கொண்டே போவார்.

இடையில் இரண்டு நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்தில் தொடருங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால் டாக்டரையும் போதகரையும் இருவரையும் பாருங்கள்.

61ஆம் நாள் பதில் வந்தே தீரும் என்று எண்ண வேண்டாம். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. ஆனாலும் அது ஜெபம் என்றே வேதத்தில் இருக்கிறது. அன்றைக்கு நோட்டை முதல் பக்கத்திலிருந்து, நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஒவ்வொரு நாளும் விண்ணப்பப் பகுதியில் நீங்கள் கேட்டவை எப்படி மாறியிருக்கின்றன என்று பென்சிலால் கோடிடுங்கள். பிறகு அடுத்த பக்கத்தில் புதுத் தேதி.